தலைக்கு மேலே விமானம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் விமான நிலைய விரிவாக்கம் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுடையவை. விமான நிலையங்களில் இரைச்சல் அளக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்தவன் நான். இந்தக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. இந்த இதழ் முழுக்க அவற்றுக்குத்தான்.

கேள்வி: எங்கள் தெருவில் கருவி வைத்து அளந்தார்கள். "சராசரி 57 டெசிபல்தான், வரம்புக்குள் இருக்கிறது" என்று கடிதம் வந்தது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் சரக்கு விமானம் இறங்கும்போது வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுகிறோம். நாங்கள்தான் பெரிதுபடுத்துகிறோமா?

இல்லை. கருவி காட்டிய எண்ணும் சரியாகவே இருக்கலாம், உங்கள் தூக்கம் போனதும் நிஜம். அந்த எண் வேறு எதையோ சொல்கிறது, அவ்வளவுதான்.

சராசரி என்றால் ஒரு நாள் முழுக்க, பெரும்பாலும் ஒரு வருஷம் முழுக்க, வந்த ஒலி ஆற்றலை எல்லாம் கூட்டிச் சமமாகப் பரப்பிப் போட்ட கணக்கு. விமானம் தலைக்கு மேல் போவது அரை நிமிடம், முக்கால் நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அமைதி. அந்த அமைதியையும் சேர்த்துப் பரப்பும்போது உங்களை எழுப்பிவிட்ட அந்த அரை நிமிடம் கரைந்துவிடுகிறது. ஆனால் யாரும் சராசரியைக் கேட்டு விழிப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட விமானத்தைக் கேட்டுத்தான் விழிக்கிறார்கள்.

இது கணக்குப் போட்டவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஐரோப்பாவில் பயன்படுத்தும் பகல்–மாலை–இரவு சராசரியில், மாலை 7 மணியிலிருந்து 11 மணி வரை வரும் சத்தத்தோடு 5 டெசிபலும், இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை வரும் சத்தத்தோடு 10 டெசிபலும் கூட்டுகிறார்கள். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. அதாவது இரவில் ஒரு விமானம் போனால் பகலில் பத்து போனதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு வந்த 57 அப்படிக் கூட்டிய எண்ணா, கூட்டாத வெறும் எண்ணா? முதலில் இதைக் கேளுங்கள். கூட்டாத எண்ணாக இருந்தால் இரவைப் பற்றி அந்தக் கடிதம் எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, எந்த வரம்பு? அமெரிக்காவில் 1980களிலிருந்து 65 டெசிபல் என்ற கோட்டை வைத்திருக்கிறார்கள். அதற்கு வெளியே இருக்கிற வீடு குடியிருக்கத் தகுந்தது என்று கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் விமான இரைச்சல் பகல்–மாலை–இரவு சராசரியில் 45க்கும், இரவு மட்டும் போட்ட கணக்கில் 40க்கும் கீழே இருக்க வேண்டும் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. ஒரே வீடு ஒரு கணக்கில் பிரச்சினையில்லாத வீடு, இன்னொரு கணக்கில் உடம்பைக் கெடுக்கும் வீடு. "வரம்புக்குள்" என்று யாராவது சொன்னால், யாருடைய வரம்பு, எந்த வருஷத்து வரம்பு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சராசரியில் இன்னொரு விஷயமும் மறைந்து கிடக்கிறது. விமானங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் சராசரி ஏறுவது வெறும் 3 டெசிபல். ஆக, ஒவ்வொரு விமானமும் 3 டெசிபல் சத்தம் குறைந்து, எண்ணிக்கை இரட்டிப்பானால், வரைபடத்தில் இரைச்சல் கோடு ஒரு அடிகூட நகராது. "பாதிப்பு அதிகரிக்கவில்லை" என்று அறிக்கை சொல்லும். கீழே இருப்பவருக்கோ பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டிய தடவைகள் இரண்டு மடங்காகியிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். சிட்னியில் 1994இல் மூன்றாவது ஓடுபாதை திறந்தபோது, சராசரி வரைபடத்தை நம்பி இருந்த மக்கள் கொதித்துப் போனார்கள். அதற்கப்புறம் அந்த நாட்டில் வேறு மாதிரியும் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்: ஒரு நாளில் எத்தனை விமானம் 70 டெசிபலைத் தாண்டுகிறது? வெளியே 70 என்றால், ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்குள் கிட்டத்தட்ட 60. பேச்சு தடைபடும் அளவு. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பொறியியல் படிப்பு தேவையில்லை.

நீங்களும் அதையே கேளுங்கள். இரவு 11 முதல் காலை 6 வரை, மணிவாரியாக, எத்தனை விமானம், ஒவ்வொன்றின் உச்ச சத்தம் எவ்வளவு? புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. விமான நிலையங்களில் வைக்கும் கண்காணிப்புக் கருவிகள் ஒவ்வொரு விமானத்தையும் நேரத்தோடு தனித்தனியாகப் பதிவு செய்கின்றன. கொடுக்க மனம் இருந்தால் கொடுக்கலாம்.

கேள்வி: புது விமானங்கள் சத்தமே போடாது என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊருக்கு மேல் இறங்க வரும்போது ஒரு விசில் சத்தம் கேட்கிறதே?

உங்கள் காது நல்ல காது. அந்த விசிலுக்கு ஒரு கதையே இருக்கிறது.

பழைய ஜெட் இன்ஜின்களோடு ஒப்பிட்டால் இன்றைய இன்ஜின்கள் எவ்வளவோ அமைதி. முகப்பில் பெரிய விசிறி வைத்து, உள்ளே போகும் காற்றில் பெரும்பகுதியை எரிக்காமல் சுற்றிவிட்டு மெதுவாக வெளியே தள்ளுவதால் அந்தக் காதைக் கிழிக்கும் இரைச்சல் குறைந்தது. இது உண்மையான முன்னேற்றம், குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் இறங்கும்போது இன்ஜின் குறைந்த வேகத்தில்தான் ஓடும். அப்போது சத்தம் போடுவது விமானத்தின் உடம்பு: நீட்டிய சக்கரங்கள், விரித்த இறக்கைப் பலகைகள், அவற்றின் இடுக்குகளில் கிழிபடும் காற்று.

ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்களில் இறக்கைக்கு அடியில் இரண்டு வட்டத் துளைகள் உண்டு. எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைச் சமன் செய்ய வைத்தவை. அவற்றின் மேல் காற்று ஓடும்போது, காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருகிற மாதிரி ஒரு விசில் கிளம்பும். தரையிறங்கும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குத்தான் இது நன்றாகக் கேட்கும். துளைக்கு முன்னால் ஒரு சின்ன உலோகத் தகடு ஒட்டினால் காற்று சுழன்று போகும், விசில் அடங்கும். ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் 2014இல் இதைப் பொருத்த ஆரம்பித்தது. அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். மொத்தச் சத்தத்தில் நாலு டெசிபல் வரை குறைகிறது.

கையடக்கமான ஒரு தகடு! என்னைக் கேட்டால், உங்கள் விமான நிலையத்துக்கு வரும் பழைய ஏ320களில் இது இருக்கிறதா என்று விசாரித்துக் கேட்பது, பொதுவாக "சத்தத்தைக் குறையுங்கள்" என்று மனு கொடுப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும். தகடு இல்லாத விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணத்தைக் கூட்டினால் விமான நிறுவனங்கள் தாமாகவே பொருத்திக்கொள்ளும்.

கேள்வி: விமானமே கண்ணில் படுவதில்லை. ஆனால் அதிகாலையில் ஒரு உறுமல் வந்து கதவு, பாத்திரம் எல்லாம் அதிர்கிறது. இது என்ன?

தரை இரைச்சல். விமானம் ஓடுபாதையில் முழு விசையோடு கிளம்பும்போது பின்பக்கமாக வரும் தாழ்ந்த அதிர்வெண் ஒலி அது. அலைநீளம் பத்துப் பதினோரு மீட்டர் இருக்கும். அதனால் சுவர் வைத்தாலும் சுலபமாக வளைந்து தாண்டிவிடும், தட்டையான நிலத்தில் வெகுதூரம் போகும். காதைவிட நெஞ்சுக்குத்தான் முதலில் தெரியும்.

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 2003இல் ஒரு புது ஓடுபாதை திறந்த பிறகு பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதே தொல்லை. வயல்களை உழுது போட்டிருக்கும் காலத்தில் மட்டும் உறுமல் குறைகிறது என்று கவனித்தார்கள். உழவுசால் மேடுபள்ளம் ஒலியைச் சிதறடிக்கிறது! அதைப் பிடித்துக்கொண்டு, அலைநீளத்துக்கு ஏற்ற இடைவெளியில் ஆள் உயர மண்வரப்புகளை வரிசை வரிசையாக எழுப்பினார்கள். 2013இல் அது பூங்காவாகவே திறக்கப்பட்டது. பெயர் பாய்டன்ஸ்கொட். வரப்புகளுக்கு நடுவே ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். இரைச்சல் தடுப்பு என்றால் கான்கிரீட் சுவர்தான் என்று நினைக்கும் ஒவ்வொரு பொறியாளரும் இதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: பத்து வருஷமாக இருக்கிறோம், எப்போதாவது ஒரு விமானம் மேலே போகும். திடீரென்று போன வருஷத்திலிருந்து எல்லாமே எங்கள் கூரைக்கு மேலேதான். யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவில்லை. எப்படி இது நடக்கும்?

செயற்கைக்கோள் வழிகாட்டுதலுக்கு மாறியிருப்பார்கள். முன்பெல்லாம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து திசை சொல்லச் சொல்ல விமானங்கள் அகலமாகப் பரவிப் பறந்தன. இப்போது ஒவ்வொன்றும் தண்டவாளத்தில் போவது போல ஒரே கோட்டில் துல்லியமாகப் பறக்கிறது. எரிபொருள் மிச்சம், பாதுகாப்பு, மொத்தத்தில் பாதிக்கப்படுகிறவர்களின் எண்ணிக்கையும் குறையலாம். ஆனால் அந்தக் கோட்டின் கீழே இருப்பவர்கள் எல்லோருடைய பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2014 செப்டம்பரில் இப்படித்தான் பாதைகளை மாற்றினார்கள். நகர நிர்வாகமே அந்த நாட்டின் மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பின் மேல் வழக்குப் போட்டது. 2017 ஆகஸ்டில் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மக்களை முறையாகக் கலந்து பேசாமல் செய்த மாற்றம் செல்லாது என்பதுதான் சாரம்.

சுமையைப் பங்கு போடவும் வழி இருக்கிறது. லண்டன் ஹீத்ரோவில் மேற்கு நோக்கி இறங்கும் நாட்களில், மதியம் மூன்று மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றிவிடுவார்கள். அடுத்த வாரம் முறை மாறும். அட்டவணை முன்கூட்டியே வெளிவரும். அங்கேயும் சத்தம் பயங்கரம்தான். ஆனால் நாளைக்கு மதியத்துக்கு மேல் நம் பக்கம் அமைதி என்று தெரிந்தால் குழந்தையைத் தூங்கவைக்கலாம், நோயாளியைப் பார்த்துக்கொள்ளலாம், தோட்டத்தில் உட்காரலாம். மொத்த டெசிபல் ஒன்றுகூடக் குறையாவிட்டாலும் வாழ முடிகிறது. ஒரே கோடு என்பதற்குப் பதில் இரண்டு மூன்று கோடுகள், நாள் மாற்றி நாள் என்று கேளுங்கள். செய்ய முடியாத காரியம் இல்லை.

கேள்வி: நான் ஆசிரியை. ஒரு வகுப்பில் எத்தனையோ தடவை பேச்சை நிறுத்த வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்கிறார்கள். பழகுவார்களா?

பழகுவது போலத் தெரியும். ஆனால் படிப்பு பழகாது.

இதற்கு மிகத் தெளிவான சான்று மியூனிக்கிலிருந்து வந்தது. அங்கே 1992 மே மாதம் பழைய விமான நிலையத்தை மூடி, வேறிடத்தில் புதியதைத் திறந்தார்கள். ஆய்வாளர்கள் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். பழைய நிலையத்துக்குப் பக்கத்துப் பிள்ளைகள் நினைவாற்றலிலும் வாசிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். நிலையம் மூடிய பிறகு அந்தக் குறை மறைந்தது. புதிய நிலையத்துக்குப் பக்கத்தில், அதுவரை நன்றாக இருந்த பிள்ளைகளிடம் அதே குறை தலைகாட்டியது. வீட்டு வருமானம், ஊர், பெற்றோர் படிப்பு என்று எந்தக் காரணத்தின் மேலும் பழியைப் போட முடியாத ஆய்வு இது. பின்னால் ஹீத்ரோ, ஸ்கிபோல், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பள்ளிகளில் நடத்தி 2005இல் வெளியான பெரிய ஆய்விலும், விமான இரைச்சல் கூடக் கூட வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைவதைக் கண்டார்கள்.

நல்ல செய்தியும் அதிலேயே இருக்கிறது, டீச்சர். சத்தம் போனால் பிள்ளைகள் மீண்டுவிடுகிறார்கள். ஆகவே விமான நிலையம் காசு செலவழிப்பதாக இருந்தால் முதல் காசு பள்ளிக்கூடக் கூரைக்கும் ஜன்னலுக்கும் வர வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் பேசத் தயாரில்லை.

கேள்வி: வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம். ஜன்னலை மூடி வைத்தால்தான் அது வேலை செய்யும். அப்படியானால் காற்றுக்கு என்ன வழி? சத்தத்தை உள்ளே விடாத காற்றோட்டச் சாதனமும் சேர்த்துத் தருகிறார்களா, அதை ஓட்டும் மின்கட்டணம் யார் தலையில்? இரண்டாவது, விமானச் சத்தம் மேலிருந்து வருகிறது. கூரை லேசாக இருந்தால் ஜன்னலை மட்டும் மாற்றிப் பெரிய பலன் இராது. "இதற்குமேல் புகார் செய்ய மாட்டேன்" என்று ஒரு வரி படிவத்தில் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் மண்ணெண்ணெய் வாடை. மூச்சுக்கு ஆபத்தா?

வாடை வருவது எரியாத எரிபொருளின் ஆவியால். கவலைப்பட வேண்டியது வாடையே இல்லாத ஒன்றைப் பற்றி: நுண்ணிலும் நுண்ணிய துகள்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தைச் சுற்றி அளந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், காற்று போகும் திசையில் 10 கிலோமீட்டர் தள்ளியும் இவற்றின் எண்ணிக்கை நகரத்தின் வழக்கமான அளவைப்போல் சுமார் நாலு மடங்காக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலிலும் இவற்றுக்கு எண் வரம்பு கிடையாது. வழக்கமான காற்றுத் தர நிலையங்கள் துகளை எடை போடுகின்றன. இவை எடையே இல்லாதவை போன்றவை, எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஆகவே "காற்று நன்றாக இருக்கிறது" என்ற அறிக்கை இவற்றைப் பற்றிப் பேசவில்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று. விமானம் நிற்கும்போது விளக்குக்கும் குளிர்காற்றுக்கும் வால்பகுதியில் ஒரு சின்ன இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துமிடத்திலேயே மின்சாரமும் குளிர்காற்றும் குழாய் வழியாகக் கொடுத்தால் அதை அணைத்துவிடலாம். புகையும் குறையும், சத்தமும் குறையும். பல நிலையங்களில் இந்த வசதி இருந்தும் பயன்படுத்துவதில்லை. இணைக்க நேரமாகிறது என்பார்கள். விதி போட்டு, மீறினால் அபராதம் போட்டால் நேரம் தானாகக் கிடைக்கும்.

கேள்வி: தீயணைப்புப் பயிற்சித் திடலுக்குப் பக்கத்தில் எங்கள் கிணறு. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?

போதாது. பழைய தீயணைப்பு நுரைகளில் இருந்த, பிஎஃப்ஏஎஸ் என்று சொல்லும் ஃப்ளோரின் வேதிப்பொருள்கள் காய்ச்சினால் போகாது. நீர் வற்றும்போது செறிவுதான் கூடும். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். அவற்றில் முக்கியமான ஒன்றான பிஎஃப்ஓஎஸ் 2009இலேயே, எளிதில் அழியாத நச்சுப் பொருள்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிஎஃப்ஏஎஸ் சோதனை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், சாதாரணத் தண்ணீர்ச் சோதனையில் இது தெரியாது. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் விமான நிலையம் "கார்பன் சமநிலை" சான்றிதழ் வாங்கியிருக்கிறது. அப்படியானால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லைதானே?

சான்றிதழ் உண்மைதான், எதற்கான சான்றிதழ் என்று பார்க்க வேண்டும். 2009இல் ஐரோப்பாவில் தொடங்கிய விமான நிலையக் கார்பன் அங்கீகாரத் திட்டத்தில் பல படிகள் உண்டு. வெளியிட்ட கார்பனை ஈடுகட்டிவிட்டதாகச் சொல்லும் சமநிலை என்ற படியில் கணக்குக்கு வருவது நிலையத்தின் சொந்த மின்சாரம், சொந்த வண்டிகள் போன்றவை. பறக்கும் விமானம் எரிக்கும் எரிபொருள் அந்தச் சமநிலைக்குள் வராது. பெரிய பங்கு அதுதான். அதற்காக அந்த முயற்சியைத் தள்ளிவிட மாட்டேன். கொச்சி விமான நிலையம் 2015இல் 12 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்து, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையம் என்று பெயர் வாங்கியது. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் கார்பன் கணக்கு உங்கள் தூக்கத்தைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்குப் பதில் சொன்னால் விடாதீர்கள்.

கேள்வி: இரண்டாவது ஓடுபாதைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வருகிறது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

"வேண்டாம்" என்று சொல்வது உங்கள் உரிமை. சொல்ல வேண்டுமானால் உரக்கச் சொல்லுங்கள். ஆனால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஓடுபாதை வந்தே தீரும் என்றால் எந்த நிபந்தனையோடு வரும் என்பதை அந்த அறையில்தான் எழுத வைக்க முடியும். கட்டி முடித்த பிறகு கேட்டால் கிடைப்பது மிகவும் கஷ்டம்.

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 2011 அக்டோபரில் புது ஓடுபாதை திறந்தபோதே இரவு 11 முதல் காலை 5 வரை விமானத்துக்குத் தடை வந்தது. அடுத்த வருஷம் உச்ச நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு, 1995இல் போட்ட தனிச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பதால் அடுத்து வரும் மேலாளர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வாய்ப்பேச்சு வாக்குறுதி எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆள் மாறினால் அதுவும் மாறிவிடும்.

கூட்டத்தில் அவர்கள் "சமச்சீர் அணுகுமுறை" என்று சொல்லக்கூடும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2001இல் ஏற்ற கொள்கை அது. சத்தம் குறைந்த விமானம், நிலப் பயன்பாட்டுத் திட்டம், பறக்கும் முறையில் மாற்றம், பறப்பதற்கே கட்டுப்பாடு என்று நாலு பகுதி. கட்டுப்பாட்டை எடுத்தவுடன் கையில் எடுக்கக்கூடாது என்பது விதி. சரி, அப்படியானால் முதல் மூன்றில் என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றாலும் எத்தனை வீட்டுக்கு எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். இரைச்சல் கோட்டுக்குள் புதிதாக வீடு கட்ட யார் அனுமதி கொடுத்தது என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு விமான நிலையத்தைவிட நகராட்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

வியன்னாவில் மூன்றாவது ஓடுபாதைக்காக 2000 முதல் 2005 வரை சுற்றியுள்ள ஊர்களும் குடிமக்கள் குழுக்களும் விமான நிலையமும் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதை நடைமுறையில் கவனிக்க நிரந்தர மன்றம் ஒன்றும் வைத்தார்கள். அஞ்சு வருஷம் பேசுவதா என்று மலைக்காதீர்கள். ஓடுபாதை அதைவிடப் பல மடங்கு காலம் இருக்கப்போகிறது.

கூட்டத்துக்குப் போகும் முன் இப்போதிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள். "எப்போதும் சத்தம்" என்று எழுதினால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேதி, மணி, நிமிடம், வந்த திசை, இறங்கியதா ஏறியதா, தூக்கம் கலைந்ததா, வகுப்பு நின்றதா. தெருவுக்கு நாலு வீடு இதைச் செய்தால் போதும், விமான நிலையத்தின் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம். நகலை அவர்களிடம் கொடுங்கள், மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பெற்றதற்கு முத்திரையும் தேதியும் வாங்க மறக்க வேண்டாம்.